புதன்கிழமை, இரண்டிலிருந்து ஆறு வரை

புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு எங்கள் வீட்டுக்கு ஒருவர் வருவார். ஆறு மணிக்குப் போய்விடுவார். அந்த நான்கு மணி நேரமும் அப்பா அவர் பொறுப்பு. நான் வீட்டில் இருக்கக் கூடாது. ரெஸ்பைட் கேர் என்று இதற்குப் பெயர். எனக்கு அந்தப் பெயர் வாயில் நுழைய நாளானதால் ‘மாற்று ஆள்’ என்றே சொல்லிப் பழகிவிட்டேன். எட்டு மாதமாக இந்தச் சேவையை எடுத்துவருகிறேன். நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லவில்லை. பாராட்டும் திட்டும் கலந்து வரப்போகிறது, அதனால் பெயர் வேண்டாம். எந்த நிறுவனத்திடம் எடுத்தாலும் இந்தச் சேவை எங்கே உதவும், எங்கே இடறும் என்பது ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் நிலவரம். அப்பாவுக்கு 74 வயது. இருபத்திரண்டு மாதத்துக்கு முன் மூளையின் இடது பக்கத்தில் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் வேலை செய்யவில்லை, பேச்சும் போய்விட்டது. பார்த்துக்கொள்வது நான். தொழிலில் கணக்கெழுதுகிறவள், இப்போது அரைநேரமாக வீட்டிலிருந்தே செய்கிறேன். எதை எடுத்தாலும் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று பார்க்கிற புத்தி. இந்த விமர்சனத்திலும் அது எட்டிப் பார்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாற்று ஆளைத் தேட வைத்தது என் கட்டைவிரல். ஒரு டப்பாவின் மூடி கீறிய சின்ன வெட்டு. மூன்று வாரமாகியும் வாய் மூடவில்லை. டாக்டர் சர்க்கரை பார்த்தார், சரியாக இருந்தது. அப்புறம் கையுறையைக் கழற்றிக்கொண்டே, “வீட்டுல யாரையாவது பார்த்துக்கிறீங்களா?” என்று கேட்டார். விரலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். 1995இல் வந்த ஒரு ஆய்வைச் சொன்னார். மறதிநோய் உள்ள உறவினரைப் பார்த்துக்கொண்டிருந்த 13 பெண்கள் ஒரு பக்கம், அதே வயதும் வருமானமும் உள்ள, அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்கள் இன்னொரு பக்கம். எல்லோருக்கும் தோலில் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரி காயம் உண்டாக்கி, ஆற எத்தனை நாள் என்று எண்ணியிருக்கிறார்கள். பொறுப்பு இல்லாதவர்களுக்குச் சராசரி 39.3 நாள், பார்த்துக்கொள்கிறவர்களுக்கு 48.7 நாள்.

என் விரல் ஆறாததற்கு அதுதான் காரணம் என்று சொல்லமாட்டேன். நாளைக்குப் பத்துத் தடவை அந்த விரலைத் தண்ணீரில் முக்குகிறவள் நான். ஆனால் அந்த ஒன்பது நாள் வித்தியாசம் மனதில் நின்றுவிட்டது. உடம்பு தனியாக ஒரு கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறது, எனக்குக் காட்டாமலே எழுதிக்கொண்டிருக்கிறது என்று தோன்றியது.

அண்ணன் வெளியூரில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுவார், தவறாமல் “உன்னையும் கவனிச்சுக்கோம்மா” என்பார். எப்படிக் கவனித்துக்கொள்வது என்பதற்கு அவரிடம் யோசனைகளும் உண்டு. காலையில் இருபது நிமிடம் மூச்சுப்பயிற்சி, மாலையில் நடை, ராத்திரி ஒரு புத்தகம். எல்லாம் நல்ல யோசனைகள். நான் நடக்கப் போனால் அப்பாவின் பக்கத்தில் யார் இருப்பது என்கிற ஒரே ஒரு ஓட்டைதான். மூச்சுப்பயிற்சி செய்து பார்த்தேன். கண்ணை மூடிய மூன்றாவது நிமிடம் அப்பா இருமினார். அன்றிலிருந்து மூச்சுப்பயிற்சியும் நான் செய்யாமல் விட்ட வேலைகளின் பட்டியலில் சேர்ந்துகொண்டது. ஆளை அனுப்பாமல் அறிவுரையை மட்டும் அனுப்பினால் இதுதான் நடக்கும். வேலை ஒன்று கூடும்.

அண்ணனுக்கும் ஒரு ஆய்வை அனுப்பிவைத்தேன். இது 1999இல் வந்தது. 66 முதல் 96 வயதுக்குள் இருந்தவர்களை நான்கு வருடம் பின்தொடர்ந்திருக்கிறார்கள். நோயாளித் துணையைப் பார்த்துக்கொண்டு அதனால் மனச்சுமையும் பட்டவர்கள், அந்தப் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக இறந்திருந்தார்கள். அண்ணன் உடனே பதில் எழுதினார்: “அது புருஷன் பொண்டாட்டி பத்தின ஆய்வு. உனக்கு 66 வயசும் ஆகல.” நியாயமான பதில்தான், மறுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது வேறு மாதிரி சொன்னேன். “அண்ணா, அட்வைஸ் வேணாம். எனக்கு ஒரு புதன்கிழமை வேணும்.” கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பணத்தை அவர் கட்டுகிறார். அதற்கு அப்புறம் மூச்சுப்பயிற்சிப் பேச்சு வரவில்லை.

சரி, சேவைக்கு வருகிறேன்.

முதல் நாள் மேற்பார்வையாளர் ஒரு அம்மா வந்தார். செவிலியராக இருந்தவர். அப்பாவைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் என்னை உட்காரவைத்து என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். 22 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்பதற்கு பூஜ்யத்தில் தொடங்கி ‘ஏறக்குறைய எப்போதும்’ என்பதற்கு 4 வரை. மொத்தம் 88. இதற்கு ஸாரிட் அளவுகோல் என்று பெயர். ஸ்டீவன் ஸாரிட்டும் கூட இருந்தவர்களும் 1980இல் 29 கேள்விகளோடு தொடங்கியது, பிறகு 22 ஆகச் சுருங்கியது. 41இலிருந்து 60 வரை வந்தால் சுமை நடுத்தரத்தைத் தாண்டிக் கடுமையை நெருங்குகிறது என்று பொருள். எனக்கு 52.

எண்ணைவிட அந்தக் கேள்விகள்தான் என்னைத் தடுமாற வைத்தன. நீங்கள் பார்த்துக்கொள்கிறவர் பக்கத்தில் இருக்கும்போது கோபம் வருகிறதா என்று ஒரு கேள்வி. இந்தப் பொறுப்பை வேறு யாரிடமாவது விட்டுவிட முடிந்தால் என்று தோன்றுகிறதா என்று இன்னொன்று. அப்படி நினைக்கிறவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அச்சடித்த தாளில் கேட்கும் அளவுக்கு அது சாதாரணம் என்று தெரிந்ததும் அழுகை வந்தது. மேற்பார்வையாளர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. பேனாவை நகர்த்திவைத்துவிட்டு, “முடிச்சிட்டு கூப்பிடுங்க” என்று அப்பாவைப் பார்க்க உள்ளே போனார். அது எனக்குப் பிடித்தது.

அடுத்தது குறிப்பு. அப்பாவைப் பற்றித் தெரிய வேண்டியதை எழுதிக் கொடுங்கள் என்றார்கள். ராத்திரி உட்கார்ந்து பதினோரு பக்கம் எழுதினேன். மேற்பார்வையாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரே பக்கம், அதுவும் பெரிய எழுத்தில், கட்டிலுக்கு மேலே ஒட்டுகிற மாதிரி வேண்டும் என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னதுதான் சரி. பதினோரு பக்கத்தை யாரும் படிக்கப்போவதில்லை. இரண்டு நாள் மல்லுக்கட்டியதில் மிஞ்சியது இவ்வளவுதான்:

வலது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். சட்டை போடும்போது முதலில் வலது கை, கழற்றும்போது முதலில் இடது கை. தண்ணீரில் கெட்டியாக்கும் பொடி கலந்து, சின்னக் கரண்டியால், தாடையைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லிக் கொடுங்கள். சாப்பிட்டபின் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்க வேண்டும். காற்று மெத்தை இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றுங்கள். தோல் சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பாருங்கள், வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவந்தால் பரவாயில்லை, அழுத்தியும் வெளுக்காவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள். கடைசியாக: ‘போ’ என்றால் போகச் சொல்கிறார் என்று அர்த்தமில்லை.

அந்த ‘போ’வைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவிடம் மிஞ்சியது அந்த ஒரு சொல். தண்ணீருக்கும் போ, மின்விசிறிக்கும் போ, வலிக்கும் போ, என்னைக் கூப்பிடுவதற்கும் போ. பேச்சுப்பயிற்சி கொடுத்தவர் சொன்னார், 1861இல் பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் பார்த்த ஒரு நோயாளி எதைக் கேட்டாலும் ‘டான்’ என்றுதான் சொல்வாராம். ஆஸ்பத்திரியில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. அவர் இறந்தபின் மூளையைப் பார்த்துத்தான் இடது பக்க முன்பகுதிக்கும் பேச்சுக்கும் உள்ள தொடர்பைப் புரோக்கா எடுத்துச் சொன்னார். ஒரு மனிதரிடம் ஒரே சொல் மிஞ்சுவது மருத்துவத்துக்குப் பழைய செய்தி. வீட்டில் அது பழசாக நாளாகும். முதல் சில மாதம் அப்பா ‘போ’ என்னும் ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்கென்றது.

முதல் இரண்டு வாரம் நான் வீட்டிலேயே இருக்கலாம், ஆனால் வேறு அறையில், கூப்பிடாமல் வெளியே வரக்கூடாது என்பது அவர்கள் ஏற்பாடு. வந்தவர் இருபத்தெட்டு வயதுத் தம்பி. என்னை அக்கா என்றார், அப்பாவை ஐயா என்றார். வந்ததும் கைகழுவினார், ஒட்டியிருந்த தாளை நின்று முழுதாகப் படித்தார், “ஐயா, நான் உங்களை இடது பக்கமா திருப்பப் போறேன்” என்று அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான் வேறு அறையில் இல்லை. கதவிடுக்கில் நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது அவர் செய்ததை விவரமாகவே எழுதுகிறேன், இந்தச் சேவையால் எனக்குக் கிடைத்த முதல் லாபம் அதுதான். எங்கள் கட்டிலின் கால்மாட்டில் மூன்று கைப்பிடிகள். ஒன்று தலைப்பக்கத்தைத் தூக்க, ஒன்று முழங்காலைத் தூக்க. மூன்றாவதை நான் பதினான்கு மாதமாகத் தொட்டதில்லை. கட்டிலைத் தாழ்வாக வைத்தால்தான் விழுந்தாலும் அடி குறையும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள், அப்படியே விட்டுவிட்டேன். தம்பி அந்த மூன்றாவது கைப்பிடியைச் சுழற்றினார். கிறீச் கிறீச்சென்று கட்டில் மொத்தமும் மேலே வந்தது, அவர் இடுப்பு உயரத்துக்கு. எதிர்ப்பக்கத் தடுப்பை ஏற்றிவிட்டார். அப்பாவின் வலது கையைத் தாங்கி மார்பின்மேல் வைத்தார், வலது முழங்காலை மடக்கினார். ஒரு கை தோள்பட்டைக்குப் பின்னால், ஒரு கை இடுப்பெலும்பில். ஒரு காலை முன்னால் வைத்துத் தன் உடம்பை மெதுவாக அசைத்தார், அப்பா அந்த அசைவோடு திரும்பிவிட்டார். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, குதிகால் மெத்தையில் படாமல் ஒரு மடிப்புத் துணி. பிறகு கட்டிலை மறுபடி தாழ்த்தினார்.

நான் பதினான்கு மாதமாகத் தரையை நோக்கிக் குனிந்து, மூச்சைப் பிடித்து இழுத்து, ராத்திரி முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். மனம் இளைப்பாற என்னென்னவோ செய்யச் சொன்னவர்கள் உண்டு. அந்தக் கைப்பிடியைச் சுழற்று என்று யாரும் சொன்னதில்லை. இரண்டே வாரத்தில் முதுகுவலி பாதியானது. இதற்கு நான்கு மணி நேரச் சேவைகூட வேண்டாம், தெரிந்தவர் ஒருவர் ஒரே ஒரு தடவை வீட்டுக்கு வந்து காட்டினால் போதும். இதைப் படிக்கிறவர்கள் யாராவது இப்போது எழுந்துபோய்த் தங்கள் கட்டிலில் எத்தனை கைப்பிடி என்று எண்ணிப் பார்த்தால் சந்தோஷம்.

மூன்றாவது வாரம் வெளியே போக வேண்டும். நான் மாடிப்படி இறங்கி, கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். நாற்பது நிமிடம். அங்கிருந்தால் சத்தம் கேட்கும். எதிர்வீட்டுக்காரர் இரண்டு தடவை கடந்துபோனார், இரண்டாம் தடவை “சாவி தொலைஞ்சிடுச்சா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். முதல் இரண்டு மணி நேரம் நாம் போன் செய்யக் கூடாது, ஏதாவது என்றால் அவர்களே கூப்பிடுவார்கள், நான்கு மணிக்கு ஒரு செய்தி வரும். அன்றைக்கு வந்த செய்தி: “ஐயா தூங்குகிறார். பக்கம் மாற்றியாச்சு.” படியிலேயே இருந்து படித்தேன்.

அதற்கு மறுவாரம் தோழி தன் வீட்டுச் சாவியைக் கொடுத்தாள். அவள் புதன்கிழமை வேலைக்குப் போயிருப்பாள். என் வீட்டில் என்னால் தூங்க முடியாது, அடுத்த அறையில் அப்பா மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்கும், கேட்காவிட்டால் எழுந்து பார்ப்பேன். அவள் வீட்டில் எனக்குச் சொந்தமான சத்தம் எதுவும் இல்லை. திரையை இழுத்துவிட்டு, போனைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுத்தேன். ஒன்றே முக்கால் மணி நேரம் அடித்துப் போட்ட மாதிரி தூங்கியிருக்கிறேன். எழுந்தபோது ஒரு நிமிடம் எங்கே இருக்கிறேன், என்ன கிழமை, யாருக்கு மருந்து கொடுக்க வேண்டும், எதுவும் நினைவில் இல்லை. அந்த ஒரு நிமிடத்துக்காகவே இந்தச் சேவைக்கு நல்ல மதிப்பெண் போடலாம்.

இப்போது குறைகள். கொஞ்சம் நீளம்.

நேரம். இரண்டு மணி என்றால் இரண்டே கால், இரண்டே முக்காலும் ஆகியிருக்கிறது. தாமதமாக வந்த நாளில் ஆறு மணிக்குமேல் இருப்பதில்லை. நமக்கு இது கால் மணி நேரப் பிரச்சினை இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்று காத்திருக்கிற அந்தக் கால் மணி, மற்ற நேரத்தையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

என்ன செய்வார்கள், என்ன செய்யமாட்டார்கள் என்பது ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. நான் எடுத்து வைத்த மாத்திரையைக் கொடுப்பார்கள், அட்டையிலிருந்து அவர்களாக எடுத்துக் கொடுக்கமாட்டார்கள். நகம் வெட்டமாட்டார்கள். இதில் தப்பில்லை, முன்பே சொல்லியிருக்கலாம்.

பெரிய குறை ஆள் மாற்றம். நான்காவது மாதம் ஒரு புதன்கிழமை கதவைத் திறந்தால் வேறொருவர் நிற்கிறார். தம்பிக்கு உடம்பு சரியில்லையாம், முன்கூட்டி ஒரு போன் இல்லை. திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் என் மனது ஏற்கெனவே தோழி வீட்டுக் கட்டிலுக்குப் போய்விட்டது. “சுவத்துல தாள் ஒட்டியிருக்கு, படிச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். ராத்திரி அப்பாவுக்குச் சட்டை மாற்றும்போது வலது தோளைத் தொட்டதும் அவர் முகம் கோணியது. “போ, போ, போ” என்றார். அடுத்த நாள் காலை அந்த ஆளுக்குப் போன் செய்து கேட்டேன். மறைக்காமல் சொன்னார். நாற்காலியிலிருந்து எழுப்பும்போது அப்பா சரிந்திருக்கிறார், அவசரத்தில் அக்குளுக்குக் கீழே பிடிக்காமல் வலது கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். தாளில் முதல் வரியே அதுதான்.

செயலிழந்த கையில் தோள்மூட்டைப் பிடித்து வைத்திருக்கும் தசைகள் தளர்ந்திருக்கும். இழுத்தால் எலும்பு குழியிலிருந்து கொஞ்சம் இறங்கிவிடும். இயன்முறை மருத்துவர் தொட்டுப் பார்த்து, ஒரு விரல் அகலத்துக்கு இறங்கியிருக்கிறது என்றார். கைக்குத் தாங்கு போட்டு, உட்காரும்போது தலையணையில் கையை ஏற்றிவைத்து, வலி அடங்க ஆறு வாரமானது. நிறுவனத்தில் பேசினால், “அவர் ரொம்ப அனுபவசாலிங்க” என்பதையே நான்கு விதமாகச் சொன்னார்கள். அனுபவசாலி படிக்கமாட்டாரா என்று கேட்டேன். இரண்டு வாரம் சேவையை நிறுத்திவிட்டேன்.

அந்த இரண்டு வாரம் எனக்குள் நடந்ததை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு வலிக்கிறபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்பது மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. இனிமேல் வெளியே போகவே போவதில்லை என்றுகூட முடிவெடுத்தேன். இரண்டாவது வாரம், நள்ளிரவில் ஈரத்துணி மாற்றும்போது, நானே அப்பாவைச் சற்று வேகமாகப் புரட்டிவிட்டேன். அவர் தலை கட்டில் தடுப்பில் இடித்தது. லேசாகத்தான். நின்ற இடத்திலேயே யோசித்தேன்: அவர் கையை இழுத்தது தெரியாத ஆள், இடித்தது தூங்காத ஆள். அப்பாவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

காலையில் மேற்பார்வையாளருக்கே நேரடியாகப் போன் செய்தேன். மூன்று நிபந்தனைகள் எழுத்தில் கேட்டேன். ஆள் மாறினால் முதல் நாள் மாலைக்குள் சொல்ல வேண்டும். புது ஆள் என் கண்முன் ஒரு தடவை திருப்பி, ஒரு தடவை எழுப்பிக் காட்ட வேண்டும், பிறகுதான் நான் கிளம்புவேன். எனக்குத் திருப்தியில்லை என்றால் அன்றைக்குக் கட்டணம் இல்லை. மூன்றாவதற்குத்தான் இழுத்தார்கள். கொடுத்துவிட்டார்கள். தம்பியும் திரும்ப வந்தார். அதன்பின் இரண்டு தடவை புது ஆட்கள் வந்தார்கள், காட்டினார்கள், ஒன்றும் ஆகவில்லை.

இனிக் கணக்கு. 35 வாரத்தில் நடந்தது 29 புதன்கிழமை. நான்கை அவர்கள் ரத்து செய்தார்கள், இரண்டை நான். 29 தடவைக்கு 116 மணி நேரம், தாமதங்கள் ஏழு மணி நேரம் போக 109. அந்த 109 எங்கே போனது என்று எழுதிவைத்திருக்கிறேன். தூக்கம் 41. கண், பல், ரத்த அழுத்தம் என்று என் சொந்த மருத்துவத்துக்கு 14. தோழிகளோடு 12. எதுவுமே செய்யாமல், நடந்துகொண்டோ பெஞ்சில் உட்கார்ந்தோ 23. மீதி 19 மணி நேரம் அப்பாவின் வங்கி, காப்பீடு, மருந்துக்கடை வேலைகளுக்கு. அந்த 19ஐ இந்தத் தலைப்பில் எழுதியிருக்கவே கூடாது, அது பழைய செலவை வரவுப் பக்கத்தில் காட்டுகிற வேலை. முதல் மூன்று மாதம் வெளியே போனால் ஏதாவது உபயோகமாகச் செய்தாக வேண்டும் என்று ஓடியதில் போனது. இப்போது அந்த வேலைகளை அப்பா தூங்கும்போது வீட்டிலிருந்தே முடிக்கிறேன். புதன்கிழமையில் தொடுவதில்லை.

35 வாரத்தில் மொத்தம் 5,880 மணி நேரம். அதில் 109 என்றால் இரண்டு சதவீதம்கூட இல்லை. இதனால் என் வாழ்க்கை மாறிவிட்டது என்று சொன்னால் பொய். ராத்திரி இன்னும் எழுந்திருக்கிறேன், கோபம் இன்னும் வருகிறது. ஆனால் அதே 22 கேள்விக்கு மூன்றாவது மாதம் 43, எட்டாவது மாதம் 39. கோபத்துக்கான கேள்வியில் ஒரு எண் இறங்கியிருக்கிறது. எனக்கென்று நேரமில்லை என்பதில் இரண்டு. பணக்கவலைக்கான கேள்வி அசையவில்லை, அதற்கு மாற்று ஆள் என்ன செய்வார்.

எடுக்க நினைக்கிறவர்களுக்கு, கேட்கவேண்டிய கேள்விகள் சில. ஒரே ஆள் வருவாரா, மாறினால் எப்போது சொல்வீர்கள். செயலிழந்த பக்கத்தை எப்படித் தூக்குவீர்கள், செய்து காட்டுங்கள். வாயால் சொல்ல விடாதீர்கள், காட்டச் சொல்லுங்கள். வாரம் ஒருநாள் நிலையாக வேண்டும், ‘தேவைப்படும்போது கூப்பிடுங்கள்’ என்கிற திட்டத்தை நான் எடுக்கமாட்டேன். தேவைப்படுகிறது என்று நமக்குத் தெரிய வருவதற்குள் நாம் யாரையாவது கத்தியிருப்போம். அப்புறம், உங்களைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்கிறார்களா என்று பாருங்கள். என்னிடம் கேட்டார்கள். அந்த 22 கேள்விக்காகத்தான் தோள் விஷயத்துக்குப் பிறகும் இவர்களிடமே நீடித்தேன்.

மதிப்பெண் கேட்டால் ஐந்தில் மூன்றரை. தம்பிக்குத் தனியாக ஐந்து. புதன்கிழமை இரண்டு மணிக்கு அவர் உள்ளே வந்ததும் அப்பா என்னைப் பார்த்து “போ” என்கிறார். அதற்கு என்ன அர்த்தம் என்று தம்பியும் ஒருநாள் கேட்டார். மின்விசிறியாக இருக்கும் என்றேன், அவர் போய் விசிறியைக் கூட்டினார்.

நேற்று நிறுவனத்திலிருந்து போன். தம்பியின் வேலைநேரம் மாறுகிறதாம், வெள்ளிக்கிழமை காலைக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். வெள்ளிக்கிழமை தோழி வீட்டில் இருப்பாள், அவள் மாமியாரும் இருப்பார். முடியாது, புதன்தான் வேண்டும், தம்பிதான் வேண்டும் என்றேன். பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்கள். இதை எழுதும்வரை சொல்லவில்லை.